எட்டுக் காசு

எங்கள் படிக்கட்டு ஏணிக்குப் பங்காளி.
ஹார்லெமில் இந்தத் தெரு வீடெல்லாம் அப்படித்தான்.
பீரோ, பியானோ எதுவானாலும் ஜன்னல் வழிதான்;
கூரை முகட்டில் அதற்கென்றே ஒரு கொக்கி.
பதினோரு வருஷம் முன்பு கயிற்றில் ஏறி வந்தவை
இன்று காலை கயிற்றில் இறங்கின.

ஒவ்வொன்றும் நாற்பத்திரண்டு கிலோ,
என் மார்பளவு உயரம்.
போர்வை சுற்றி நான் மேலிருந்து விட
மாக்டெல்ட் தெருவில் கையை விரித்து
சைக்கிள்களை நிறுத்திக்கொண்டிருந்தாள்.
ஸ்வோல்லாவிலிருந்து வேனோடு வந்தவன்
பெட்டிகளைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தான்:
"மழை வருமா?"

குற்றம் அவற்றுடையது இல்லை.
நாலு மீட்டர் அறை.
செல்லோவில் ஒரு கீழ் ஸ்வரம் வந்தால் போதும்,
மூலையில் போய் உட்கார்ந்து ஊதிப் பெருத்து
பக்கத்து ஸ்வரங்களை விழுங்கும்.
அலமாரியில் கோப்பைகள் பல்லைக் கடிக்கும்.
தடித்த திரை போட்டேன். நகர்த்தினேன். மறுபடி நகர்த்தினேன்.
ஒரு கோடை முழுக்க டேப்பும் பென்சிலுமாய்த் தரையில் தவழ்ந்தேன்.
மாக்டெல்ட் சொன்னாள்:
"யானையை வாங்கிவிட்டு
வீட்டைத் திட்டுகிறாய்."

போன பிறகு பார்த்தால்
வெயில் படாத இரண்டு செவ்வகங்கள்,
மூலைக்கு ஒன்றாக எட்டுக் காசு.
கூர்முனை பலகையைக் குத்தாமலிருக்க
பழைய கில்டர்களை அடியில் கொடுத்திருந்தேன்.
ஒவ்வொன்றிலும் ராணியின் கன்னத்தில் ஒரு குழி.
செல்லாக் காசுதான்,
இத்தனை வருஷம் சுமந்திருக்கிறது.

புதியவை ரொட்டி டப்பா அளவு.
சைக்கிள் பைக்கு ஒன்றாகக் கொண்டுவந்தேன்.
மணல் நிரப்பிய தாங்கியில் காது மட்டத்துக்கு ஏற்றி
கொஞ்சம் உள்முகமாய்த் திருப்பினேன்.
முதல் தட்டு: ஒரு பெண், ஒரு பியானோ.
பாடுமுன் அவள் உதடு பிரிவது கேட்டது.
யாரோ நாற்காலியில் புரண்டு உட்கார்ந்தார்கள்.
இருபது வருஷமாய் இந்தத் தட்டு என்னிடம் இருக்கிறது,
அந்த நாற்காலியை இன்றுதான் சந்திக்கிறேன்.
இரண்டு டப்பாவும் அறையில் இல்லை;
நடுவில், வெறும் சுவருக்கு முன்னால்
அவள் நிற்கிறாள்.
உருளைக்கிழங்குத் தோல் ஒட்டிய கத்தியோடு வந்த மாக்டெல்ட்
பாட்டு முடியும்வரை வாய் திறக்கவில்லை.

அடிமண் மட்டும் இல்லை.
அடுத்த தட்டில் டபுள் பாஸ்காரர்
பக்கத்து வீட்டிலிருந்து ஒப்புக்கு வாசித்தார்.

மூன்றாவது சனிக்கிழமை மணி அடித்தது.
கீழ்வீட்டு டெர்ப்ஸ்ட்ரா அம்மாள், மூச்சு வாங்க.
பதினோரு வருஷத்தில் ஒரு புகார் சொன்னதில்லை;
காது போய்விட்டது, அதனால்தான் என்று
நாங்களே முடிவு கட்டியிருந்தோம்.
"உடம்புக்கு முடியவில்லையா?
சனிக்கிழமை வரவே இல்லையே" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.
எங்களுக்கு விளங்கவில்லை.
மேசையில் உள்ளங்கையைப் பரப்பினார்:
இங்கே. ஏழு மணிக்கு.
காபியில் வட்டம் வட்டமாக.

அவர் கையை எடுத்து டப்பாவின் தலையில் வைத்தேன்.
ஒலியைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன்.
மாக்டெல்ட் காதைப் பொத்திக்கொண்டாள்.
காய்ச்சல் பார்க்கிறவர் மாதிரி
கண்ணை மூடி நின்றார், பிறகு கையை எடுத்தார்.
"பூனை," என்றார்.
"நல்ல பூனைதான்."

ஸ்வோல்லாக்காரனுக்கு நான் எழுதவில்லை.
எனக்கு அந்த நாற்காலி வேண்டும்.

ஆனால் இப்போதெல்லாம் சனிக்கிழமை ஏழு மணிக்கு
மாக்டெல்ட் ஜன்னலோரம் உட்கார்ந்து
குதிகாலால் பலகையில் தாளம் இடிக்கிறாள்,
பாட்டுக்கு எப்போதும் அரை விநாடி பின்னால்.
உதடு பிரிவதும் போச்சு, நாற்காலியும் போச்சு.
பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறேன்.
கீழிருந்து துடைப்பக் கட்டை
இரண்டு முறை கூரையை இடிக்கிறது.
நிறுத்தச் சொல்லியா, இன்னும் என்றா,
இறங்கிப் போய்க் கேட்கவில்லை.