சாதனம் எதுவும் கிடைக்கவில்லை

காந்தி ரோட்டின் பின்சந்தில்
எங்கள் லாட்ஜின் வரவேற்பு மேசைக் கணினி
சாயங்காலம் ஆறேகாலுக்குக் கறுத்துப்போனது.
மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும்
கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.
முப்பத்தோரு அறை. யார் பாக்கி, யார் முன்பணம்,
யாருக்கு எப்போது ஆபரேஷன்,
எல்லாம் அதற்குள்.

வாணியம்பாடியிலிருந்து தப்ரேஸ் போனில் சொன்னான்:
"சும்மா காப்பி பண்ணிப் போட்டா எழுந்திருக்காதுண்ணே,
பூட் ஆகுற மாதிரி எழுதணும்."

எழுதினேன்.
முதல் பென்டிரைவ் கோட்டை எதிரே நடைபாதையில் வாங்கியது.
முதுகில் முப்பத்திரண்டு என்று போட்டிருந்தது,
நாலுக்கு மேல் விழுங்க மறுத்தது.
இரண்டாவது மேனேஜரின் காரில் கிடந்தது.
அவர் பாட்டெல்லாம் அழித்து எழுதினேன்.
தொண்ணூற்றேழு சதவீதத்தில் கரண்ட் போனது.
மறுபடி எழுதினேன். நூறு.
எஃப் பன்னிரண்டை விரல் தேய அமுக்கினேன்.
பட்டியலில் அதன் பெயரே இல்லை.

"ஜிபிடியா, எம்பிஆராண்ணே?"
எனக்கென்னடா தெரியும்.
பின்னால் அவன் மனைவி
சோறு ஆறுகிறது என்றாள், உருதுவில்.
அந்த அளவுக்குத்தான் எனக்கு உருது.

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
இந்த ஊரைக் கேலி பேசுவார்கள்.
இந்தப் பெட்டியையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

பதினொன்றரைக்கு
இருநூற்றேழாம் அறை மைத்தி இறங்கி வந்தார்.
மேதினிப்பூர்க்காரர். விடிகாலை காட்பாடியில் ரயில்,
கணக்கு முடிக்க வேண்டும்.
என் கோலத்தைப் பார்த்துவிட்டு
சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை நீட்டினார்.

செருகினேன்.
உள்ளே ஒரே கோப்புறை, ஒரு பெண்ணின் பெயர்.
மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஸ்கேன் படங்கள்.
லேப்டாப் திரை கேட்டது:
இதிலுள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?

"அழித்துவிடு, இனி வேண்டாம்" என்றார் இந்தியில்.
எதனால் வேண்டாம் என்று கேட்க
எனக்கு இந்தி போதவில்லை.
தமிழும் போதாது.
ரயில் டிக்கெட்டில் எத்தனை பெயர் என்று
நான் பார்க்கவில்லை.

பிடுங்கி அவர் கையில் வைத்தேன்.
கார்பன் தாள் தேடி
பதினெட்டு நாள் வாடகையைக் கையால் எழுதினேன்.
கூட்டலில் முப்பது ரூபாய் தப்பு.
அவர்தான் கண்டுபிடித்தார். எனக்கு வரவேண்டிய முப்பது.

காலையில் தப்ரேஸ் வந்தான்.
மேனேஜரின் பென்டிரைவை முன்பக்கம் பிடுங்கி
பின்பக்கத் துளையில் செருகினான்.
"முன்னாடி இருக்கிறது செத்துப்போச்சுண்ணே, அவ்வளவுதான்."

பெட்டி எழுந்தது.
பழைய கணக்கு எதுவும் இல்லை.
எந்த நாடு, எந்த மொழி, மணி என்ன என்று
வரிசையாகக் கேட்கத் தொடங்கியது.