போயா லீவுக்கு ஒரு நடை

லேசான நடை என்றுதான் சொன்னேன்.
கமநல நிலையத்தின் பின் அறையில்
உரமானியப் படிவங்களை ஒதுக்கி,
பிழைத்துப்போன ஒன்றின் முதுகில் கோடு கீறினேன்:
ஒட்டுசுட்டான் சந்தி. பஸ். மதகு. மணல் ஒழுங்கை.
பிறகு காடு. பிறகு பாலைமுறிப்புக் குளம்.

நாலரைக் கிலோமீற்றர். ஏற்றம் கிடையாது.
எங்கள் பக்கத்தில் ஏற்றமென்றால் குளக்கட்டுத்தான்.
இருபது அடி ஏறினால்
காற்று சட்டைக்குள் வரும்.
அதற்கே மூச்சு வாங்குவார் மரியதாஸ் சேர்.

தவறூபன் போனை விரித்தான்.
அதில் குளம் நல்ல நீலம்.
"ஆவணியிலயும் நீலமாத்தான் காட்டினது,
நான் போய் நிண்டது வெடிச்ச சேத்துக்குள்ள."
மாசியில் தண்ணி நிக்கும் என்றாள் நிரோஜினி.
பாலைப்பழம் இல்லாத மாதத்தில்
காட்டுக்குப் போறது வீண்வேலை என்றார் சேர்.
அவர் பெயரையும் எழுதினேன்.

ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர்.
ரொட்டி, கட்டைச் சம்பல்.
உண்ணிக்குத் தேசிக்காய்.
யானைக்கு?
பேனையைக் கடித்துக்கொண்டு இருந்தோம்.
பால் எடுக்க வந்த பொடியன் வாசலில் நின்றே சொன்னான்:
"எட்டுக்குப் பிறகு போங்கோ, மூண்டுக்கு முன்னம் வாங்கோ.
அதுக்கும் வேலை இருக்குத்தானே."

மணல் ஒழுங்கை முடிகிற இடத்தில் கோடு நின்றுவிட்டது.
இடப்பக்கம் என்றான் தவறூபன்,
நாம்பன் தேடிப் போன பாதை.
வலப்பக்கம் என்றாள் நிரோஜினி,
மண்டையோட்டுப் பலகையைக் கழற்றிய பிறகு
விறகுக்குப் போன பாதை.
சேர் பேனையை வாங்கி
மூன்றாவதாக ஒன்று கீறினார்.
நேரே, மரங்களுக்குள்ளால், வளைவே இல்லாமல்.
எந்த வருசம் என்று ஒருவரும் கேட்கவில்லை.
அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு
வலப்பக்கமே போவதென்று முடிவெடுத்தோம்.

வீட்டில் அம்மா கேட்டா:
"என்னத்துக்குப் போறியள்?"
குளம் பாக்க.
"மீனுக்கோ?"
இல்லை.
"தேன், விறகு?"
சும்மா, அம்மா.
அரிசியில் அகப்பட்ட கல்லைப்போல
அந்தச் சொல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தா.
"சும்மா நடக்கிறதுக்கு லீவு போடுதோ கவுண்மேந்து?"
கொஞ்ச நேரம் கழித்துக் குசினிக்குள் இருந்து:
"குடை கொண்டு போறியோ?"

இந்த வீட்டிலும் பட்டியல்கள் எழுதப்பட்டிருக்கின்றன.
தையல் மெசின் இருந்தது ஒன்றில்.
காணி உறுதி, பால்மா, இரண்டு தறப்பாள்,
கோழிகளைத் திறந்துவிடுவதா என்று ஒரு கேள்வி.
வெளிக்கிட்ட நேரம்கூட ஞாபகம் இருக்கிறது.
மற்ற நேரம் ஒன்றையும் யாரும் எழுதவில்லை,
எழுதுகிற வழக்கம் இருக்கவில்லை.

படிவத்தை மேசையில் விரித்து
அடியில் சேர்த்தேன்:
திரும்பும் நேரம் பின்னேரம் நாலு.
எழுதிய பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெளிச்சத்துக்குப் பிடித்தால் மறுபக்கத்து எழுத்துத் தெரிந்தது:
விண்ணப்பதாரியின் கையொப்பம்.

ஒன்பது மணிக்குச் சேர் போன் எடுத்தார்.
"பிள்ளை, நாலு எண்டு போட்டிட்டீர்,
கடைசி பஸ் மூண்டு ஐம்பதுக்கு."
மூன்றரை என்று வெட்டி எழுதினேன்.
அவர் போனை வைக்கவில்லை.
"பிள்ளை, ஒரு தூண்டில் கொண்டுவரலாமோ?"
சும்மா நடக்கிறதுதானே, சேர்.
"சும்மாதான்,
தூண்டிலும் சும்மா வரட்டும்."