எங்கே போகணும்

எட்டு மாதமாகத் தோள்.
உளுந்துப் பற்று, பென்னாகரத்தில் ஒருவர் போட்ட முட்டைக்கட்டு,
இரண்டு ஊசி.
பிறகுதான் அந்தக் குழாய்க்குள் படுக்கவைத்துப் படம் பிடித்தார்கள்.
அசையாதீங்க என்றாள் நர்ஸம்மா.
அசைய முடிந்தால் நான் ஏன் வருகிறேன்.

தர்மபுரி பெரியாஸ்பத்திரி, எலும்புப் பிரிவு.
டோக்கன் நாற்பத்தேழு.

வலி எவ்வளவு,
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்க
என்றது வெள்ளைக்கோட்டுப் பிள்ளை.
முப்பத்தொரு வருஷம் சேலம் ரூட்டில் கண்டக்டர் நான்.
எனக்கு ஸ்டேஜாகத்தான் சொல்லவரும்.
விடிந்தால் அதியமான்கோட்டை.
சட்டையில் கை நுழைக்கும்போது நல்லம்பள்ளி.
சோறு பிசையும்போது தொப்பூர்க் கணவாய்,
குறுக்கே ஒரு லாரி கவிழ்ந்து கிடக்கிறது.
ராத்திரி இரண்டு மணிக்கு
சேலமும் தாண்டி, பெயர் தெரியாத ஏதோ ஊர்.

ஏழு என்று எழுதிக்கொண்டது பிள்ளை.

பெஞ்சில் இந்தப்பக்கம் சின்னபாப்பா, பாலக்கோட்டுத் தக்காளி மண்டி.
தோளில் பந்து இருந்த இடத்தில் கிண்ணத்தையும்
கிண்ணம் இருந்த இடத்தில் பந்தையும்
மாற்றி வைத்திருக்கிறார்களாம்.
"எழுவத்தொண்ணு ஆனா என்னங்க,
கணக்கு நோட்டு மேல்பலகையில இருக்குது,
நான்தான் எடுக்கணும்."
எடுத்துக் காட்டினாள், காற்றிலிருந்து.

அந்தப்பக்கம் முனவ்வர் பாய், காரிமங்கலம்.
ஆறு வாரம் கை தூளியில் தொங்கணும் என்றதும்
வேண்டாம் என்றுவிட்டாராம்.
வீட்டில் பக்கவாதம்.
"அவளைத் தூக்கி உட்காரவைக்கிறது இந்தக் கைதான்.
அரைக் கையானாலும்."

நார் அறுந்து உள்ளே சுருண்டுபோச்சு,
சதை கொழுப்பாயிடுச்சு, தைத்தாலும் நிக்காது
என்றார் பெரிய டாக்டர்.
பிறகு என்னைப் பார்க்காமல் என் மகனைப் பார்த்து,
"இந்த வயசுக்கு இது போதும்."

போதும்.
அந்தச் சொல் தோளில் வலிக்கவில்லை.

முப்பத்தொரு வருஷத்தில் ஒருத்தரிடமும் நான் சொன்னதில்லை
நீ தொப்பூரோடு இறங்கிக்கோ, உனக்கு அது போதும் என்று.
கூடைக்காரியோ குடித்தவனோ
முதலில் கேட்பது ஒன்றுதான்:
எங்கே போகணும்?
வண்டி அங்கே போகாதென்றால் போகாதென்று சொல்வோம்.
ஆனால் கேட்போம்.

இதையெல்லாம் சொன்னேனா?
பாதிதான் சொன்னேன். மகன் முழங்கையைத் தொட்டான்.
டாக்டர் பேனாவை மூடினார்.
கெட்ட மனிதர் இல்லை, வெளியே அறுபது பேர் நிற்கிறார்கள்.
"சரிங்க. எங்கே போகணும், சொல்லுங்க."

கேட்டதும் எனக்கு வாய் வரவில்லை.

தலைக்குமேல் தூக்க வேண்டாம், சார்.
கம்பி பிடிக்கிற வேலை முடிந்துபோச்சு.
இப்போது ஏறினால் பையன்கள் எழுந்து இடம் தருகிறார்கள்,
அது வேறு வலி.
பனியனைக் கழற்ற மருமகளைக் கூப்பிடக்கூடாது.
அப்புறம்,
வலப்பக்கம் திரும்பிப் படுக்கணும்.
பூங்காவனம் படுப்பது அந்தப்பக்கம்.
எட்டு மாதமாக முதுகைக் காட்டித் தூங்குகிறேன்,
என்ன சண்டை என்கிறாள்.

மகன் ஜன்னலைப் பார்த்தான்.

ஆபரேஷன்?
பயம்தான். சர்க்கரை வேறு.
வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை நான்.

சில்லறை இல்லாத நேரத்தில்
பாக்கியை டிக்கெட்டின் பின்னால் எழுதித் தருவோம்,
இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொள்வது உங்கள் பாடு.
டாக்டர் சீட்டைத் திருப்பிப்போட்டு எழுதினார்:
கயிற்றுப் பயிற்சி. ஆறு வாரம். பிறகு பேசலாம்.
பேசலாம் என்பதை மட்டும் என்னால் படிக்க முடிந்தது,
மீதி கிறுக்கல், மகன் படித்துச் சொன்னான்.

சட்டைப்பை இடப்பக்கம்.
இடக்கையாலேயே அதில் ஒன்றை வைப்பது
ஒரு வித்தை, பழகிவிட்டது.

நாற்பத்தெட்டு என்று கூப்பிட்டார்கள்.
பெஞ்சில் இடக்கையை ஊன்றி
எழுந்தார் பாய்.