பக்கத்து சீட்டுக்காரர்

புதன்கிழமை காலைக் காட்சி.
பெங்களூரிலிருந்து பிரவீணா போனிலேயே புக் பண்ணியிருந்தாள்.
"ஃபேமிலி படம்தான்ப்பா, அம்மாவுக்குப் பிடிக்கும்."
என்ன குடும்பம் என்று அவள் விசாரிக்கவில்லை.

பெரம்பூரில் அந்த மாலின் மூன்றாம் மாடி.
எஸ்கலேட்டர் பயம் அவளுக்கு, லிஃப்டில் போனோம்.
ஜி வரிசை, ஏழு, எட்டு.
மொத்தம் பதினோரு பேர். அதில் மூன்று பேர்
ஏசிக்காக வந்து தூங்கியவர்கள்.

திரையில் ஒரு கிழவன், ஒரு கிழவி.
அவளுக்கு மறதி நோய்.
பத்தாவது நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது,
எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது.
இவளோ பாப்கார்னை ஒவ்வொன்றாக
எண்ணித் தின்றுகொண்டிருந்தாள்.
முப்பத்தோரு வருஷம் கார்ப்பரேஷன் பள்ளியில்
கணக்கு டீச்சர்.

அங்கே மறதி வயலினோடு வந்தது.
கடலோர வீடு. மழை. ஜன்னல் கம்பியில் ஒரு விரல்.
அந்த அம்மாளின் முந்தானை நழுவவேயில்லை.
எங்களுக்கு அது குக்கர் விசிலோடு வந்தது.
மூன்றா நாலா என்று கேட்டாள் ஒருநாள்.
மறுநாளும். அப்புறம் குக்கர் கருகியது.
அப்புறம் தாலிச்சரடைக் கழற்றி
அரிசி டப்பாவில் போட்டுவிட்டு
யாரோ திருடிவிட்டார்கள் என்று
அயனாவரம் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே போனாள்,
ஒற்றைச் செருப்பில்.

படத்துக் கணவன் பொறுமைசாலி.
அவனுக்கென்ன, இரண்டேகால் மணி நேரம்,
நடுவில் இடைவேளை வேறு.

இடைவேளைக்கு அப்புறம் அவனும் உடைந்தான்.
கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டவளுக்கு
ஓங்கி ஒரு அறை.
வயலின் நின்றது.
"பாவி! கட்டையில போறவனே!"
கத்தியது குமுதா.
முன்வரிசையில் தூங்கியவர் விழித்துக்கொண்டார்.

போன செவ்வாய்க்கிழமை
மாத்திரையைத் துப்பிவிட்டு அவள் சிரித்தபோது
புறங்கையில் அடித்துவிட்டேன்.
ஐ.சி.எஃப்பில் இரும்பு தூக்கிய கை.
சிவந்த இடத்தில் தேங்காயெண்ணெய் தடவினேன்.
டாக்டரிடம் சொல்லவில்லை, பிரவீணாவிடமும்.
இப்போதுதான் சொல்கிறேன்.

இருட்டில் அவள் என் பக்கம் சாய்ந்தாள்,
பஸ்ஸில் புதியவரிடம் வழி கேட்கும் மரியாதையோடு:
"தப்பா நினைச்சுக்காதீங்க சார்,
எல்லா ஆம்பளையும் இப்படியில்ல.
எங்க வீட்டுக்காரர் ஒருநாளும் கை ஓங்கினதில்ல."

திரையில் யாரோ அழுதார்கள்.
தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்,
"எப்படிப்பட்டவர்?"
"குறட்டை விடுவார். கோபம் வந்தா
ரேடியோவைக் கழட்டிக் கழட்டிப் பூட்டுவார், பேச மாட்டார்.
படம் விட்டதும் ஸ்கூட்டரோட கீழ நிப்பார்.
உங்ககூட உக்காந்து பார்த்தேன்னு
அவர்கிட்ட சொல்லிடாதீங்க."
சொல்லமாட்டேன் என்றேன்.

முடிவு என்னவென்று தெரியாது.
பாத்ரூம் என்றாள், வந்துவிட்டோம்.

கீழே, வாசலில், என்னோடு ஆட்டோ ஏற மறுத்தாள்.
"அவர் வருவார், நீங்க கிளம்புங்க சார்."
செக்யூரிட்டி எஸ்தரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு
பேப்பர் மில்ஸ் ரோட்டு வெயிலில் நடந்தேன்,
மருந்துக்கடை தாண்டி, இளநீர் வண்டி வரைக்கும்.
சீப்பெடுத்துத் தலை வாரினேன், எதற்கென்று தெரியவில்லை.
ஓர் ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்து
அவளெதிரே நிறுத்தச் சொன்னேன்.
"குமுதா, ஏறு."

"இவ்வளவு நேரமா?"
ஸ்கூட்டர் எங்கே என்றாள்.
ரிப்பேர் என்றேன்.
விற்று நாலு வருஷமாகிறது,
நாலு வருஷமாக அது ரிப்பேரில்தான் இருக்கிறது.

மேம்பாலத்து ஏற்றத்தில் ஆட்டோ முனகியது.
"பக்கத்து சீட்ல ஒருத்தர்," என்றாள்,
"பாவம், படம் பூரா மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருந்தார்.
வீட்ல யாருக்கோ சரியில்ல போல."
விசாரித்தாயா என்றேன்.
"முன்னபின்ன தெரியாதவர்கிட்ட எப்படி?"

பிறகு மூடிய கையை என் மடியில் வைத்துத் திறந்தாள்.
வியர்வையில் நமத்துப்போன பாப்கார்ன்.
"உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்.
ஆறு இருக்கணும், எண்ணிக்கோங்க."

எண்ணினேன். ஐந்து.
ஆறு என்றேன்.