வியாழன், மட்டக்குளி

புரொபேஷன் ஒபிஸின் மேல்மாடி.
ஒன்பது பிளாஸ்டிக் கதிரை, வட்டமாக.
வராவிட்டால் கோட்டில் சொல்லுவார்கள்; வந்தோம்.
டெனிஸ் பந்து எவர் கையில் இருக்கோ
அவர் மட்டும் பேசலாம் என்றார் மிஸ்.
மூன்று வியாழன்களாகப்
பந்து சுற்றிச் சுற்றி வந்தது
ஒரு சொல்லும் வாங்காமல்.

இன்று, கஜீபன் அதை
நகத்தால் உரித்துக்கொண்டிருந்தபோது
கீழே ஹார்ட்வெயார் கடை ஷட்டர்
தடாரென்று விழுந்தது.

இன்ஷாப் மேசைக்கடியில்.
சமிந்து சுவரோடு சுவராக.
நான் இரண்டு கையாலும் தலையைப் பொத்தி,
பொலிஸ் கூண்டில் பழகின மாதிரி.
மிஸ்ஸும் குனிந்திருந்தார்.
அதை எல்லாரும் பார்த்தோம்.

பந்து உருண்டு அலுமாரிக்கடியில் போயிற்று.
எடுக்க எவரும் எழும்பவில்லை.

"இரவில எங்கட வீட்டுக் கதவும்
இப்பிடித்தான்"
என்றான் கஜீபன்,
வெறுங்கையோடு.