ஈரம் பார்க்கும் முள்

கேமராவின் விலை
லீசிங்காரன் கணக்கில் இருக்கிறது.
என் கைப்பையில் இருப்பது பதினோராயிரத்து நானூறு.
அதற்குள் அதைக் காப்பாற்ற வேண்டும்.

ஹட்டன் டவுனில்
நவாஸ்தீன் நானா மேசையில் பரப்புகிறார்:
வில்லைக்கு முன்னால் மாட்ட வட்டக் கண்ணாடி,
திரைமேல் ஒட்ட இன்னொரு கண்ணாடி,
கழுத்துப்பட்டி, மழையுறை, பஞ்சு வைத்த பை,
மூடி தொலையாமல் கட்டிவைக்க ஒரு நூல்.
"கலியாணப் பொண்ணுக்குக்கூட
இவ்வளவு சாமான் இல்லியே நானா."
"பொண்ணு நனைஞ்சாத் தொடைச்சிரலாம், தங்கச்சி."

வட்டக் கண்ணாடியை விரலிடுக்கில் பிடித்து
டியூப் லைட்டைப் பார்த்தேன்.
மலிவானதில் லைட் இரண்டாகத் தெரிந்தது.
நல்லது ஒன்பதாயிரத்து ஐந்நூறு.
வாங்கினால் மீதிக்கு
அந்த மூடிநூலும் பஸ் காசும்தான்.

மழையுறையை உதறி விரித்தேன்.
அம்மா கொழுந்தெடுக்கப் போகையில்
தலையில் போடும் கொங்காணிதான்,
கைவிட இரண்டு ஓட்டை அதிகம்.
வேண்டாம். பொலித்தீனும் ரப்பர் வளையமும்
வீட்டில் கிடக்கிறது.

விழுந்து உடைவதற்குத்தான்
எல்லாரும் பயப்படுகிறார்கள்.
எனக்குப் பயம் வேறு.

போன ஐப்பசி, டிக்கோயாவில் ஒரு கலியாணம்.
கையில் வாடகைக் கேமரா.
வில்லைக்குள் பூஞ்சணம்
வெள்ளை நூலாய் வேர்விட்டிருந்தது.
தெரிந்துதான் எடுத்தேன்.
ஆல்பத்தைப் புரட்டிய மாப்பிள்ளையின் அக்கா
சுகிர்தமலர் பூரித்துப் போனாள்:
"மிஸ்ட் என்ன வடிவா விழுந்திருக்கு!"
அன்றைக்குச் சுள்ளென்ற வெயில்.
நான் வாயைத் திறக்கவில்லை.
முழுக் காசையும் எண்ணி வாங்கிக்கொண்டேன்.

"காத்துப் போகாத பெட்டி இருக்கா நானா?"

இருந்தது. ஆறாயிரத்து எழுநூறு.
கூடவே ஒரு பை நீல மணிகள்.
ஈரம் குடித்தால் ரோஸாகும்,
தாச்சியில் வறுத்தால் திரும்ப நீலமாகும்.
திரைக்கண்ணாடியும் எடுத்தேன்,
தங்கச்சி மகன் டிலுக்சனின் ஜாம் விரலுக்காக.
பில் போட்ட பிறகு நானா
ஐந்து ரூபாக் குற்றி அளவில் ஒரு மானியை
பெட்டிக்குள் போட்டார்.
"இது கணக்கில்ல.
முள் நாப்பதுக்கும் அம்பதுக்கும் நடுவுல நிக்கணும்.
அறுபதத் தாண்டினா
உள்ளுக்கு உசிர் மொளைக்கும்."

மஸ்கெலியா பஸ்ஸில் பெட்டி என் மடியில்.
பக்கத்தில் இருந்தவர் கேக் என்று நினைத்து
முழங்காலை ஒதுக்கிக்கொண்டார்.

லயத்துக்கு வரும்போது ஆறு மணி.
எனக்கு முன்னமே பனி காம்பராவுக்குள் வந்து
உலராத யூனிபோமின் மேல் உட்கார்ந்திருந்தது.
கேமராவை வைக்குமுன்
மானியை மேசையில் வைத்தேன், சும்மாதான்.
முள் ஏறியது.
எண்பது.
எண்பத்தெட்டு.
தொண்ணூற்று மூன்றில் போய் நின்றது.
பழுதோ என்று தட்டிப் பார்த்தேன்.
தொண்ணூற்று மூன்று.

டிலுக்சன் தூங்குகிறான்.
மூச்சு விசிலடிக்கிறது.
டிஸ்பென்சரியில் தூசி என்றார்கள்,
பூனை என்றார்கள்,
பூனை எங்களிடம் இல்லை.
அவன் தலை வைக்கும் உயரத்தில்
சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி.
மூன்று தரம் பிளீச் போட்டுத் துடைத்தாயிற்று.

கேமராவோடு மானியையும் பெட்டியில் வைத்து
நாலு பக்கமும் கிளிப்பை அழுத்தினேன்.
சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தால்
நாற்பத்தாறு.
எங்கள் வீட்டுக்குள்
கேமரா மட்டும் மன்னாரில் குடியிருக்கிறது.

திறந்தேன். நானா ஏசுவார், ஏசட்டும்.
மானியைப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் ஒட்டி
முள் திரும்ப ஏறும்வரை காத்திருந்து
புதுக் கேமராவின் முதல் படத்தை எடுத்தேன்.
முள்ளுக்குத்தான் ஃபோகஸ்.
பின்னால் கலங்கலாய்ப் பிள்ளையின் காது.
கூரை பார்க்க வருகிற ஐயாமார்
சுவரைக் கையால் தடவிவிட்டு
"லேசான ஈரந்தானே" என்பார்கள்.
அடுத்த தரம் வரட்டும்.

பெரிதாக்கிப் பார்த்தேன்:
ஒவ்வொரு புள்ளிக்கும் மயிர் இருக்கிறது.
மிஸ்ட் கொஞ்சமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நோர்வூட்டில் கலியாணம்.
மணிகளில் இரண்டு மூன்று
இப்போதே ரோஸ்.
தாச்சியைத் தேடுகிறேன்.