பத்து மணிக்குப் பிறகு ஒன்பது

லா ஷோ-த-ஃபோனில்
இரவு பத்துக்கு மேல் தண்ணீர்கூட மெதுவாகத்தான் ஓட வேண்டும்.
ஹெட்போனைச் செருகிக்கொண்டு உட்காருகிறேன்.
கலியாண வீடுகளுக்கு வாசித்து அலுத்த நிரோஜன்
பாதி விலைக்குத் தள்ளிவிட்ட கீபோர்ட்.
பகலெல்லாம் பூதக்கண்ணாடியில் கடிகார முட்களைப் பார்த்த கண்.

லா, தோ, மி பெமோல், சொல், சி.
நாலு வெள்ளை, நடுவில் ஒரு கறுப்பு.
(போன கிழமை போட்டோவுக்கு நின்ற
எங்கள் தொழிற்சாலைப் பிரிவும் இப்படித்தான்.)

ஐந்தாம் சுரத்தை அரைப்படி இறக்கு என்கிறது புத்தகம்.
இறக்கினேன்.
கதிரையின் ஒரு காலை அறுத்த மாதிரி இருக்கிறது,
விழவும் மாட்டேன் என்கிறது.
ஒன்பது என்பது வேறொன்றுமில்லை,
மாடி ஏறிப்போன இரண்டு.
கீழே லாவுக்கும் தோவுக்கும் நடுவில் மூச்சுத் திணறிய சி
மேலே போனதும் சீமாட்டி.

இனித் தலைகீழ்கள்.
தோவை அடியில் வைத்தேன்:
நான் தோ மைனர் என்று சத்தியம் செய்கிறது,
லா யாரோ விருந்தாளியாம்.
மி பெமோல் அடியில்: லா, சி, தோ மூன்றும்
ஒரே வாங்கில் நெருக்கியடித்துக்கொண்டு.
சொல் அடியில்: சொல்ல ஒன்றுமில்லை, இன்னும் விளங்கவில்லை.
சி அடியில் வந்தால்
பக்கத்துத் தோவோடு அரைப்படி உரசல்,
வேலிச் சண்டை போல.
அதே ஐந்து பேர்தான்.
கடிதப்பெட்டியில் யார் பெயரை ஒட்டுகிறோமோ
அவருடைய வீடு.

பிரெஞ்சில் இதை அக்கோர் என்கிறார்கள்.
உடன்பாடு என்றும் அர்த்தமாம்.
யாருக்கும் யாருக்கும்?

பதினொன்று இருபதுக்கு வயர் முழங்காலில் பட்டுக் கழன்றது.
நாலாம் தலைகீழ்,
முழுச் சத்தத்தில், கட்டிடம் முழுக்க.
விரலை எடுத்தேன். விளக்கையும் அணைத்தேன்,
எதற்கென்று தெரியாது.
கீழ்வீட்டில் ஒரு கதிரை நகர்ந்தது.
பிறகு ஒன்றுமில்லை.

காலையில் படிக்கட்டில் மதாம் ஊகெனா,
கையில் குப்பைப்பை.
மன்னிப்பை இரவே இலக்கணப் பிழையில்லாமல்
கட்டி வைத்திருந்தேன்.
அவர் கேட்டது வேறு:
"முடிக்கவே இல்லையே நீங்கள்?
இரண்டு மணிவரை காத்துக்கிடந்தேன்."

அடுத்து ரே வருமாம்,
அதற்கடுத்துச் சொல் மைனர்,
அங்கேதான் செருப்பைக் கழற்றலாமாம்.
அது பன்னிரண்டாம் பாடம்.
நான் இன்னும் பதினொன்றில்.